‘உடம்பைத் தேற்ற வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

புதிதாக ஜிம்மில் சேர்ந்திருக்கிறீர்கள். எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று ஆங்கிலம் மட்டுமே பேசும் பயிற்சியாளர் கேட்டபோது ‘ஐ வான்ட் டு இம்ப்ரூவ் மை பாடி ஃபிட்னஸ்’ என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதையே அவர் வேறு சொற்களில் திருப்பிச் சொன்னதும் உங்களுக்கு ஓர் உறுத்தல் வந்துவிட்டது. அன்றாட ஆங்கிலத்தில் இதை எப்படிச் சொல்வார்கள், உறுப்பினர் படிவத்தில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது இலக்கணச் சந்தேகம் இல்லை என்று நினைக்கிறேன். பொருள் பிழையில்லாத ஒரு வாக்கியம் ஏன் பேச்சுப் போல ஒலிப்பதில்லை, அதன் இடத்தில் வாயில் தானாக வர வேண்டியது எது என்பதுதான் கேள்வி.

பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். என்னிடம் படிப்பவர்களில் செவிலியர்களும் இயன்முறை மருத்துவம் படித்தவர்களும் அதிகம் என்பதால் எடை, மூச்சு, வலி, பயிற்சி சார்ந்த சொற்களோடுதான் என் நாள்கள் பெரும்பாலும் கழிகின்றன. எனவே சொற்களைப் பற்றித் தயக்கமில்லாமல் பேசுவேன். எந்தப் பயிற்சி உங்களுக்கு ஏற்றது என்பதை உங்கள் மருத்துவரும் பயிற்சியாளரும் சொல்ல வேண்டும்; அதில் நான் தலையிட மாட்டேன்.

நேரடி விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஐ வான்ட் டு கெட் இன் ஷேப்’ அல்லது ‘ஐ வான்ட் டு கெட் ஃபிட்’. இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் ஆங்கிலம் பேசும் எந்த நாட்டிலும் இயல்பாகவே இருக்கும். அமெரிக்கர்கள் ஷேப் பக்கம் அதிகம் சாய்வார்கள், பிரிட்டனில் ஃபிட் அதிகம் காதில் விழும். ஏற்கெனவே ஓரளவு நன்றாக இருப்பவர் ‘கெட் ஃபிட்டர்’ என்றோ ‘கெட் இன் பெட்டர் ஷேப்’ என்றோ சொல்லலாம். முன்பு நன்றாக இருந்து, இடையில் விட்டுவிட்டு, இப்போது மீண்டும் தொடங்குகிறவர் ‘கெட் பேக் இன் ஷேப்’ என்பார். ‘இம்ப்ரூவ் மை ஃபிசிக்கல் ஃபிட்னஸ்’ தவறு இல்லை. அது அறிக்கைகளுக்கும் படிவங்களுக்கும் சுகாதாரத் துறையின் அறிவுரைகளுக்கும் உரிய நடை. வீட்டில் ‘தண்ணீர் கொடு’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘குடிநீர் வழங்குக’ என்பது போல அது ஒலிக்கிறது, அவ்வளவுதான். ‘பாடி ஃபிட்னஸ்’ என்ற சேர்க்கைதான் வழக்கத்தில் இல்லாதது.

இதில் உள்ள சின்ன வினைச்சொற்களைக் கவனியுங்கள், வேலையெல்லாம் அவைதான் செய்கின்றன. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போவதற்கு ‘கெட்’. அடைந்த நிலையைக் காப்பதற்கு ‘கீப்’ அல்லது ‘ஸ்டே’. ஆகவே இன்று உங்களுக்குத் தேவை ‘கெட் ஃபிட்’; அடுத்த ஆண்டு இதே கேள்விக்கு ‘ஐ டூ இட் டு ஸ்டே ஃபிட்’ என்று பதில் சொல்வீர்கள். நம்மில் பலர் தொடங்கும் முன்பே ‘கீப் ஃபிட்’ என்று சொல்கிறார்கள். ஏற்கெனவே கட்டுக்கோப்பாக இருக்கிறேன், அதைத் தொடர விரும்புகிறேன் என்ற பொருள் அதற்கு வந்துவிடும்.

‘ஷேப்’ என்றதும் உருவம், வடிவம் என்று மனம் போகும். இந்தத் தொடரில் அந்தப் பொருளை மறந்துவிடுங்கள். இங்கே அதற்கு ‘நல்ல நிலைமை’ என்றுதான் அர்த்தம். பழைய கார் நன்றாக ஓடினாலும் ‘இன் குட் ஷேப்’ என்பார்கள், ஒரு நிறுவனத்தின் நிதிநிலை சீராக இருந்தாலும் அதையே சொல்வார்கள். அதனால்தான் ஒல்லியாக இருக்கும் ஒருவர் இரண்டு மாடி ஏறி நின்று ‘ஐ அம் சோ அவுட் ஆஃப் ஷேப்’ என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. தன் உருவத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உடலுக்கு உழைப்புப் பழக்கம் விட்டுப்போயிற்று என்றுதான் சொல்கிறார்.

நம்மவர்கள் தடுமாறுவதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொடர்கள் தாமாகவே சரியாகிவிடும். தமிழில் உடல்நிலையைப் பற்றிய பேச்சில் எழுவாய் பெரும்பாலும் ‘உடம்பு’. உடம்பு ஏறிவிட்டது, உடம்பு இளைத்துவிட்டது, உடம்பைக் குறைக்க வேண்டும், உடம்பெல்லாம் வலிக்கிறது, உடம்பு தேறிவிட்டது, உடம்பு சரியில்லை. ஆங்கிலத்தில் இந்த இடங்களில் எல்லாம் அநேகமாக ‘நான்’தான் எழுவாய். ஐ ஹேவ் புட் ஆன் வெயிட், ஐ ஹேவ் லாஸ்ட் வெயிட், ஐ அம் சோர், ஐ அம் அவுட் ஆஃப் ஷேப், ஐ அம் நாட் வெல். ‘பாடி’ என்ற சொல் எங்கும் தலைகாட்டவில்லை, பாருங்கள். ‘ஐ வான்ட் டு ரெட்யூஸ் மை பாடி’ என்று வகுப்பில் யாராவது சொல்லாத மாதம் இல்லை. சொல்கிறவர் மனத்தில் ‘உடம்பைக் குறைக்க வேண்டும்’ என்ற தமிழ் வாக்கியம் தெளிவாக நிற்கிறது. அதை ‘ஐ வான்ட் டு லூஸ் வெயிட்’ என்று மாற்றச் சொன்னால், உடம்பு எங்கே போயிற்று என்று திகைப்பார்கள்.

எடையைப் பற்றிய தொடர்களில் இன்னும் சில நுட்பங்கள் உண்டு. ‘லூஸ் மை வெயிட்’ என்று ‘மை’ சேர்ப்பதில்லை. ‘லூஸ் வெயிட்’, ‘லூஸ் சம் வெயிட்’, ‘லூஸ் ஃபைவ் கிலோஸ்’ என்றுதான் வரும். எழுதும்போது அந்த வினைச்சொல்லுக்கு ஒரே ஓ எழுத்து. இரண்டு போட்டால் தளர்வான, தொளதொளப்பான என்று பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடும். எடை கூடுவதற்குப் பேச்சில் ‘புட் ஆன் வெயிட்’, சற்று முறையான நடையில் ‘கெய்ன் வெயிட்’. ‘ரெட்யூஸ்’ என்பதைத் தனியாக, எடை குறைவது என்ற பொருளில் ஆளும் வழக்கம் அகராதிகளில் பதிவாகியிருக்கிறது. நம் வட்டாரத்து ஆங்கிலத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற இடங்களில் இப்போது அரிதாகத்தான் கேட்கிறது. எனவே அதைத் தவறு என்று நான் அடிப்பதில்லை; வெளியூர்க்காரரிடம் பேசும்போது ‘லூஸ் வெயிட்’ சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

மெலிந்திருப்பதைக் குறிக்கும் சொற்களின் எடையும் ஒன்றல்ல. ‘ஸ்லிம்’ பாராட்டு. ‘தின்’ நடுநிலை, சில நேரம் கவலை தொனிக்கும். ‘ஸ்கின்னி’ பெரும்பாலும் எலும்பும் தோலுமாக என்ற பக்கம் போய்விடும். ‘லீன்’ என்றால் கொழுப்புக் குறைந்து தசை தெரிகிற உடல். ஜிம்மில் எல்லோரும் விரும்புவது இதைத்தான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெரிந்தவரைப் பார்த்ததும் ‘கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்களே’ என்று நாம் அன்போடு சொல்வோம். அதை அப்படியே ‘யூ ஹேவ் புட் ஆன் வெயிட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் பெரும்பாலானவர்கள் புண்படுவார்கள். இளைத்ததைப் பாராட்ட நினைத்தாலும் எடையைத் தொடாமல் ‘யூ லுக் கிரேட்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நோயால் இளைத்தவராகவும் இருக்கலாமே. ‘ஹேவ் யூ பீன் வொர்க்கிங் அவுட்?’ என்று கேட்டால் நெருங்கிய நண்பர்கள் மகிழ்ந்துபோவார்கள்.

‘வொர்க் அவுட்’ பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது. வினையாக எழுதும்போது இரண்டு சொல், ‘ஐ வொர்க் அவுட் த்ரீ டைம்ஸ் எ வீக்’. பெயராக வரும்போது ஒரே சொல், ‘தட் வாஸ் எ குட் வொர்க்அவுட்’. பேச்சிலும் வேறுபாடு தெரியும்: வினையில் அழுத்தம் ‘அவுட்’ மீது விழும், பெயரில் ‘வொர்க்’ மீது. பொதுவான உடற்பயிற்சியைக் குறிக்கும்போது ‘எக்ஸர்சைஸ்’ பன்மை ஆகாது. ‘ஐ நீட் டு கெட் மோர் எக்ஸர்சைஸ்’, ‘ஐ டோன்ட் கெட் இனஃப் எக்ஸர்சைஸ்’ என்று ‘கெட்’ போட்டுச் சொல்வது மிக இயல்பு. பன்மையில் ‘எக்ஸர்சைசஸ்’ என்றால் முதுகுக்கு, முழங்காலுக்கு என்று குறிப்பாகக் கற்றுக்கொடுத்த அசைவுகள். ‘ஐ டூ மை எக்ஸர்சைசஸ் எவ்ரி மார்னிங்’ என்று ஒருவர் சொன்னால், இயன்முறை மருத்துவர் கொடுத்த பயிற்சிகளைச் செய்கிறார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

நடைப்பயிற்சிக்கு ‘ஐ டூ வாக்கிங்’ வேண்டாம். ‘ஐ கோ ஃபார் எ வாக்’, ‘ஐ கோ வாக்கிங்’ அல்லது வெறுமனே ‘ஐ வாக் எவ்ரி மார்னிங்’ போதும். ஓட்டம், நீச்சல், சைக்கிள் மூன்றும் ‘கோ’வோடு சேரும், யோகாவும் ஏரோபிக்ஸும் ‘டூ’வோடு, பந்தும் மட்டையும் உள்ளவை ‘பிளே’யோடு. ஜிம்முக்கு முன்னால் ‘த’ வேண்டும், எந்த ஜிம் என்று கேட்பவருக்குத் தெரியாவிட்டாலும் ‘ஐ கோ டு த ஜிம்’தான். ‘ஜிம்மிங்’ என்ற சொல் நம்மிடையே பரவிவிட்டது. நமக்குள் பேசிக்கொள்ளலாம், மற்றவர்களிடம் எடுபடுவது குறைவு.

மூச்சு விஷயத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே சொல் மாறினால் விளைவும் மாறும். ‘மூச்சு வாங்குகிறது’ என்பதை அப்படியே பெயர்த்து ‘ஐ அம் டேக்கிங் பிரெத்’ என்கிறார்கள். சுவாசிக்கிறேன் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. உழைப்பால் மூச்சு வாங்கினால் ‘ஐ அம் அவுட் ஆஃப் பிரெத்’. கொஞ்சம் நின்று மூச்சைச் சீராக்கிக்கொள்ள ‘லெட் மி கேட்ச் மை பிரெத்’. மூன்றாவதாக ‘ஷார்ட் ஆஃப் பிரெத்’ என்று ஒன்று இருக்கிறது. அகராதியில் இதுவும் ‘அவுட் ஆஃப் பிரெத்’தும் அருகருகே இருக்கும், மருத்துவமனையில் அப்படி இல்லை. மாடி ஏறி வந்தவர் ‘அவுட் ஆஃப் பிரெத்’ என்றால் செவிலியர் நாற்காலியைக் காட்டுவார். ‘ஐ ஹேவ் பீன் ஷார்ட் ஆஃப் பிரெத்’ என்று சொன்னால் அது நோய்க்குறியாகப் பதிவாகும்; எப்போதிலிருந்து, படுத்தால் கூடுகிறதா, நெஞ்சில் இறுக்கம் உண்டா என்று கேள்விகள் தொடரும். உழைக்காமலே மூச்சு முட்டுகிறது என்றால் தயங்காமல் ‘ஷார்ட் ஆஃப் பிரெத்’ என்று சொல்லுங்கள். பயிற்சியின் நடுவில் இயல்பாக மூச்சு வாங்குவதற்கு ‘அவுட் ஆஃப் பிரெத்’ போதும்.

பயிற்சியாளர் ‘மாடரேட்’ (மிதமான), ‘விகரஸ்’ (கடுமையான) என்று இரண்டு சொற்களை அடிக்கடி சொல்வார். இவை வெறும் அலங்காரம் இல்லை, அளவுச் சொற்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மாடரேட் அளவிலான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் விகரஸ் அளவிலான உழைப்பு என்று சொல்கிறது. இரண்டையும் கலந்தும் செய்யலாம். இவற்றோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. எது மாடரேட் என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மாடரேட். சில சொற்களுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசவே முடியவில்லை என்றால் விகரஸ். இதையே அன்றாடப் பேச்சில் ‘கெட் யுவர் ஹார்ட் ரேட் அப்’ என்பார்கள், இதயத்துடிப்பைக் கூட்டு என்று பொருள். ‘வொர்க் அப் எ ஸ்வெட்’ என்றால் வேர்க்க விறுவிறுக்க உழைப்பது. அதன் உறவான ‘வித்தவுட் பிரேக்கிங் எ ஸ்வெட்’ ஜிம்முக்கு வெளியேதான் அதிகம் வாழ்கிறது. ஒரு வேலையை அனாயாசமாக முடித்தார் என்பதற்கு அதைச் சொல்வார்கள்.

வகுப்பில் இந்தச் சொற்களைப் பலகையில் எழுதிப் போடுவதை நான் குறைத்துக்கொண்டேன். எல்லோரையும் எழுந்து நின்று இருபது முறை உட்கார்ந்து எழச் சொல்வேன். முடித்த உடனே, நாற்காலியில் சாய்வதற்கு முன், என்ன தோன்றுகிறதோ அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ‘ஐ அம் அவுட் ஆஃப் பிரெத்’ முதலில் வரும். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு ஒருவர் ‘மை ஹார்ட் இஸ் பவுண்டிங்’ என்பார். தொடைகள் நடுங்கும்போது ‘மை லெக்ஸ் ஆர் ஷேக்கிங்’. கவனித்தீர்களா, குறிப்பிட்ட உறுப்பு என்றால் ஆங்கிலமும் உறுப்பையே எழுவாயாக்குகிறது. முழு உடம்பு என்றால்தான் ‘நான்’ வந்து நிற்கிறது. மறுநாள் காலை அதே ஆட்கள் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வருவார்கள். அப்போது ‘ஐ அம் சோ சோர்’ என்ற வாக்கியம் யாரும் சொல்லித்தராமல் மனத்தில் பதிந்துவிடும்.

இந்த ‘சோர்’ தமிழர்களுக்கு மிகவும் தேவைப்படும் சொல். ‘மை பாடி இஸ் பெயினிங்’ என்பது நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் புரியும். மற்ற இடங்களில் ‘பெயின்’ என்பதை அப்படி வினையாக ஆளுவதில்லை, ‘இட் ஹர்ட்ஸ்’ என்பார்கள். வலிகளை ஆங்கிலம் வகைபிரித்து வைத்திருக்கிறது. பயிற்சி செய்த தசை தொட்டாலோ அசைத்தாலோ வலிப்பது ‘சோர்’. மந்தமாக, விடாமல் வலிப்பது ‘ஏக்’. மடக்கி நீட்ட முடியாமல் விறைத்திருப்பது ‘ஸ்டிஃப்’. தசைப்பிடிப்பை நம்மவர்கள் ‘மசில் கேட்ச்’ என்பார்கள், அதற்குப் பொது வழக்கு ‘கிராம்ப்’. ஓடும்போது விலாவில் சுருக்கென்று குத்துவது ‘ஸ்டிச்’. தசை இழுபட்டுவிட்டால் ‘ஐ புல்ட் எ மசில்’. நாம் சுளுக்கு என்று ஒரே சொல்லில் அடக்குவதை மருத்துவ ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது: மூட்டை இணைக்கும் தசைநார் பாதிக்கப்பட்டால் ‘ஸ்ப்ரெயின்’, தசையோ அதை எலும்போடு சேர்க்கும் நாணோ பாதிக்கப்பட்டால் ‘ஸ்ட்ரெயின்’. கணுக்கால் பிசகினால் பெரும்பாலும் முதலாவது, தொடையின் பின்புறம் இழுத்துக்கொண்டால் இரண்டாவது.

பயிற்சிக்குப் பின் வரும் தசை வலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியும். ‘இட்ஸ் த லாக்டிக் ஆசிட்’ என்று ஜிம்மில் யாராவது காரணம் சொல்வார்கள். வாக்கியம் பிழையற்றது, கருத்துதான் பழையது. கடும் உழைப்பில் சேரும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடலில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. மறுநாள் வரும் வலிக்கு, பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதற்கு உடல் காட்டும் எதிர்வினையும் காரணம் என்பதே இன்று ஏற்கப்படும் விளக்கம்.

‘நோ பெயின், நோ கெய்ன்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிம் சுவர்களில் எழுதியிருக்கும் இந்தத் தொடரை நம்பி, வலித்தாலும் விடாமல் செய்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோக்கள் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. தொடர் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் ஹெரிக் இதே பொருளில் ஒரு குறுங்கவிதை எழுதியிருக்கிறார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் 1758-இல் ஏறக்குறைய இதையே சொன்னார். அவர்கள் காலத்து வழக்கில் ‘பெயின்ஸ்’ என்றால் பாடுபடுதல், உழைப்பு. ‘டேக் பெயின்ஸ்’ என்ற தொடரில் அந்தப் பழைய பொருள் இன்றும் இருக்கிறது. ‘பாடுபட்டால் பலன் உண்டு’ என்பதே மூலக் கருத்து, மூட்டைத் தேய்த்துக்கொள்ளச் சொன்னவர் யாரும் இல்லை. பயிற்சியின்போது கூர்மையாக வலித்தால் ‘இட் ஹர்ட்ஸ், ஐ நீட் டு ஸ்டாப்’ என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் வாக்கிய அமைப்பைப் பற்றியே யோசிக்க வேண்டாம். ‘செஸ்ட் பெயின்’ என்ற இரண்டு சொல் எங்கும் போதும்.

‘ஸ்டாமினா’வுக்கு ‘இன்க்ரீஸ்’ சரிதான், ஆனாலும் பேச்சில் ‘பில்ட் அப் ஸ்டாமினா’ இன்னும் நன்றாக உட்காரும். ‘பில்ட் மசில்’, ‘பில்ட் ஸ்ட்ரெங்த்’ ஆகியவையும் அதே வார்ப்பு. தசையைப் பெரிதாக்கப் பாடுபடுகிறவர் ‘பல்க் அப்’ என்பார். சதை தொங்காமல் சற்று இறுக்கமாக வேண்டும் என்பவர் ‘டோன் அப்’ என்பார். மருத்துவத்தில் ‘மசில் டோன்’ என்பது ஓய்வில் இருக்கும் தசையில் உள்ள இழுவிசை. ஜிம் பேச்சில் ‘டோன் அப்’ என்று சொல்லப்படுவது நடைமுறையில் தசை கொஞ்சம் வளர்ந்து, மேலே உள்ள கொழுப்புக் கொஞ்சம் குறைவதுதான். தொப்பைக்கு ‘பெல்லி’ என்ற ஒரு சொல்லே போதும், ‘ஐ வான்ட் டு லூஸ் மை பெல்லி’. இடுப்பைச் சுற்றி விழும் சதை மடிப்பை ‘லவ் ஹேண்டில்ஸ்’ என்றும் ‘ஸ்பேர் டயர்’ என்றும் சொல்வார்கள். உங்களுடையதைப் பற்றி நீங்களே சொல்லலாம், அடுத்தவருடையதைச் சொல்லக்கூடாது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்காது. உள்ளே இருக்கும் தசையை வலுவாக்கும். கொழுப்பு எந்த இடத்திலிருந்து குறைய வேண்டும் என்பதை உடல்தான் தீர்மானிக்கிறது.

‘ஃபிட்’ என்ற சொல்லில் சில பள்ளங்கள் உண்டு. பிரிட்டனில் இளைஞர்கள் ஒருவரை ‘ஃபிட்’ என்றால் கவர்ச்சியாக இருக்கிறார் என்று பொருள். ஆகவே அங்கே சக ஊழியரிடம் ‘யூ ஆர் வெரி ஃபிட்’ என்று வெள்ளை மனத்தோடு சொன்னாலும் அது வேறு விதமாகக் காதில் விழலாம். ‘யூ ஆர் இன் கிரேட் ஷேப்’ பாதுகாப்பானது. ‘ஹேவ் எ ஃபிட்’ என்றால் வலிப்பு வருவது, பேச்சு வழக்கில் கோபத்தில் கொதிப்பது. ‘ஃபிட்ஸ் வந்தது’ என்று நாமே சொல்வோமே, அந்தச் சொல். முன்னால் ஒரு ‘எ’ சேர்ந்தால் இத்தனை மாற்றம். ‘ஃபிட் அஸ் எ ஃபிடில்’ மாணவர்களுக்கு மிகவும் பிடித்த உவமை. பழையது, இப்போதும் வழங்குகிறது. ஆனால் பெரும்பாலும் வயதானவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள், ‘ஹி இஸ் எயிட்டி அண்ட் ஃபிட் அஸ் எ ஃபிடில்’ என்பது போல. முப்பது வயதில் உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் பொருந்தாது.

உங்கள் கேள்வியில் ‘உடம்பைத் தேற்ற’ என்று எழுதியிருந்தீர்கள். தமிழில் இது இரண்டு வேலை செய்கிறது. பயிற்சியால் கட்டுடல் பெறுவதும் தேறுவதுதான், காய்ச்சலிலிருந்து எழுவதும் தேறுவதுதான். ஆங்கிலத்தில் இரண்டாவதற்கு ‘கெட் ஃபிட்’ சொல்வதில்லை. நோய் விலகுவது ‘கெட் பெட்டர்’. பிறகு பழைய தெம்பு திரும்புவது ‘கெட் மை ஸ்ட்ரெங்த் பேக்’. எழுந்து நடமாடி வழக்கமான வாழ்க்கைக்கு வருவது ‘கெட் பேக் ஆன் மை ஃபீட்’. அறுவை சிகிச்சைக்குப் பின் ஜிம்மில் சேருகிறவர் ‘ஐ வான்ட் டு கெட் ஃபிட்’ என்று மட்டும் சொன்னால் பயிற்சியாளர் அவரை ஆரோக்கியமான புதியவர் என்றே நினைத்துவிடுவார். ‘ஐ அம் ரிகவரிங் ஃப்ரம் சர்ஜரி’ என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

தொடங்குவது, தொடர்வது, விடுவது ஆகியவற்றுக்கான சொற்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். புதிதாக ஒன்றை ஆரம்பிப்பது ‘டேக் அப்’, ‘ஐ ஹேவ் டேக்கன் அப் ரன்னிங்’. அதில் ஈடுபாடு வந்துவிட்டால் ‘ஐ ஹேவ் காட் இன்டு ரன்னிங்’. விடாமல் தொடர்வது ‘ஸ்டிக் வித் இட்’. அளவுக்கு மீறிச் செய்வது ‘ஓவர்டூ இட்’. முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கும் அறிவுரை ‘டோன்ட் ஓவர்டூ இட்’. உணவில் ஒன்றைக் குறைப்பது ‘கட் டவுன் ஆன் ஷுகர்’, அறவே விடுவது ‘கட் அவுட் ஷுகர்’. பயிற்சியாளரின் ‘ரெப்’ என்பது ஒரு முறை செய்வது, ‘செட்’ என்பது இடைவிடாமல் செய்யும் ஒரு தொகுதி. ‘த்ரீ செட்ஸ் ஆஃப் டென்’ என்றால் பத்துப் பத்தாக மூன்று முறை, நடுவில் ஓய்வு. தரையில் கைகளை ஊன்றி எழும் பயிற்சி அமெரிக்கருக்கு ‘புஷ் அப்’, பிரிட்டிஷாருக்கு ‘பிரெஸ் அப்’. ‘ட்ரெட்மில்’ நமக்கெல்லாம் ஓடும் எந்திரம். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர் தன் வேலையை ‘எ ட்ரெட்மில்’ என்றால் சலிப்போடு சொல்கிறார் என்று அறியுங்கள். 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக்கைதிகள் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தை வடிவமைத்தார். தண்டனையாக அதை மிதித்தவர்களின் அலுப்பு அந்தச் சொல்லை இன்னும் விடவில்லை.

இனி உங்கள் படிவம். ‘கோல்ஸ்’ என்ற இடத்தில் நீங்கள் பேசத் தயங்கிய அதே நடைக்கு முழு உரிமை உண்டு. ‘டு இம்ப்ரூவ் மை ஃபிட்னஸ்’ என்று தாராளமாக எழுதுங்கள், ‘பாடி’யை மட்டும் விட்டுவிடுங்கள். அதோடு எது வேண்டும் என்று குறிப்பாக எழுதினால் பயிற்சியாளருக்கு உதவும்: ‘டு பில்ட் ஸ்ட்ரெங்த் அண்ட் ஸ்டாமினா’, ‘டு லூஸ் ஃபைவ் கிலோஸ்’, எது உங்களுடையதோ அது. ‘இஞ்சுரிஸ் ஆர் மெடிக்கல் கண்டிஷன்ஸ்’ என்ற பகுதியை யாரும் காலியாக விடக்கூடாது. முழங்காலில் பழைய தொந்தரவு இருந்தால் ‘ஐ ஹேவ் எ பேட் நீ’ என்ற எளிய வாக்கியமே போதும், எந்தக் கால் என்பதற்கு லெஃப்ட், ரைட் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ‘ஐ டேக் மெடிகேஷன் ஃபார் ஹை பிளட் பிரஷர்’ என்று எழுதி, மாத்திரையின் பெயரை அட்டையில் உள்ளபடியே பக்கத்தில் குறித்துவிடுங்கள்.